கேமரா எப்போது கண் திறந்தது?

என் பழைய போனில் இருந்ததை அழித்துவிட்டு, பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் ஒன்றைப் போட்டேன். வைஃபை, ஸ்பீக்கர் என்று எல்லாம் ஒவ்வொன்றாக வேலை செய்யத் தொடங்கின. கேமராவைத் திறந்தால் மட்டும் வெறும் கறுப்பு.

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குள் படம் எடுக்கக் கூடாது. அதனால் கேட்டிலேயே செக்யூரிட்டி எல்லோருடைய போன் கேமராவின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். ஷிப்ட் முடிந்ததும் உரித்துவிடுவோம். நான் மட்டும் உரிப்பதை விட்டுவிட்டேன். வேலை செய்யாத கேமராவுக்கு எதற்கு அந்தச் சிரமம்?

இணையத்தில் உதவி கேட்டேன். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர், கேமராவை இயக்கும் புரோகிராமைத் திருத்தித் திருத்தி அனுப்பினார். எதைப் போட்டாலும் கறுப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்கு இந்த போனோட இப்டி மல்லுக்கட்டிக்கினு கீற?"

"கேமரா வரல."

போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஸ்டிக்கர எடுக்காம எப்டிய்யா வரும்?"

நகத்தால் உரித்தாள். திரையில் எங்கள் வீட்டுத் தரையும் அவள் கொலுசும் தெரிந்தன.

'வந்துவிட்டது' என்று அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதினேன். எந்தத் திருத்தத்தில் சரியானது, சொன்னால் இதே போன் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? முதல் திருத்தத்திலேயே வந்திருக்கலாம். பதிலை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஸ்டிக்கர் கதையைச் சொல்லிவிட்டேன்.

'அப்படியானால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம்' என்று பதில் வந்தது.

அவருக்கு ஏன் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.