அண்ணனின் அரசாங்க நிம்மதி

என் அண்ணன் பொய் சொல்கிறார். கூசாமல் சொல்கிறார், அதுவும் என் மகளிடம்.

ரப்பர் தோட்டத்தை விட்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். அதனால் தீபாவளிக்குக் கூடினாலும் துக்கத்துக்குக் கூடினாலும் சொற்பொழிவு அவருடையது. அரசாங்க வேலை என்றால் மனநிம்மதி, தனியார் வேலை நாய்ப்பிழைப்பு. நான் அரசாங்க மருத்துவமனையில்தான் தரை துடைக்கிறேன், ஆனால் குத்தகை நிறுவனத்தின் ஆள். தரை அரசாங்கம், துடைப்பம் தனியார். எனக்கு இதில் எது என்று அவர் சொன்னதே இல்லை.

என் மகள் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறாள். எந்த மெஷின் இன்று என்ன அடம் பிடித்தது என்று சோறு ஆறிப்போகும்வரை பேசுவாள். போன மாதம் அவளுக்கு அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவளுக்கு விருப்பமில்லை. அண்ணனோ குடும்பக் கைப்பேசிக் குழுவில் மாலை போடாத குறையாக வாழ்த்திவிட்டார். சொந்தபந்தம் முழுக்கக் கைதட்டியது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். இப்போது பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள்.

திங்கட்கிழமை கோலா கங்சாரில் ஒரு துக்கத்துக்குப் போனேன். வழியில் மோட்டார் சைக்கிள் செயின் அறுந்தது. ஒரு பழுதுபார்க்கும் கடைவரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கையெல்லாம் எண்ணெயாகக் கீழே குந்தியிருந்தார் அண்ணன். சீன முதலாளி ஏதோ சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“இன்னிக்கு ஆபிஸ் இல்லையாண்ணே?”

என்னைப் பார்க்காமல் செயினைப் பார்த்தார். முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டாராம். அண்ணிக்கு மட்டும் தெரியுமாம். அந்த ஆபிஸில் மூச்சு முட்டியதாம். எப்போது என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன்பே. ஆக, அந்த வருடத்துச் சொற்பொழிவை வேலையை விட்ட பிறகுதான் நிகழ்த்தியிருக்கிறார்.

“அப்ப எம்புள்ளய மட்டும் ஏண்ணே அங்க தள்ளுறீங்க?”

“பொம்பளப்புள்ள லா. நாளைக்குக் கட்டிக் குடுக்கணும். இத குரூப்புல போட்றாத, என் மானம் போயிரும்.”

செயினை நன்றாகத்தான் மாட்டிக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.

அண்ணே, உங்கள் மானத்துக்கு என் மகள் மூச்சு முட்டிச் சாக வேண்டாம். எனக்குத் தனியாகப் போன் பண்ணாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் அதே குழுவில், கைதட்டிய அத்தனை பேரும் படிக்கும்படி எழுதுங்கள்: அவ்வளவு நிம்மதியான இடத்தை விட்டு நீங்கள் ஏன் ஓடிவந்தீர்கள்?