இரண்டாம் ஷெட்டின் கோடு

2023 ஆகஸ்ட் 30, புதன்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். முதல் ஷெட்டில் நானும் இரண்டாம் ஷெட்டில் மனைவியும் விளக்குப் போட்டுத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தோம். ஆறு மணிக்குத் தீவனம். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் முட்டை எடுப்பு. நான்கு மணிக்கு எண்ணியதில் இரண்டாம் ஷெட்டில், அட்டைக்கு முப்பது முட்டையாக, அறுபத்தோரு அட்டையும் பத்து முட்டையும். நாலாயிரம் கோழிக்கு அது நூற்றுக்கு நாற்பத்தாறு.

இராசிபுரம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணை. முதல் ஷெட்டுக் கோழிகளைப் போன வருடம் குஞ்சிலிருந்து நானே வளர்த்தேன். இரண்டாம் ஷெட்டைத் தானே பார்த்துக்கொள்வதாக மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். திருமணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அதற்கு மட்டும் குஞ்சு விடாமல், வேறொரு பண்ணைக்காரரிடம் வளர்ந்த கோழிகளாகவே வாங்கினோம்.

தீவன அறையின் பழைய டிவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு வரைபடம் போட்டிருந்தேன். கீழே கோழியின் வயது, வாரக் கணக்கில். பக்கவாட்டில் நூறு கோழிக்கு எத்தனை முட்டை என்பது. முதல் ஷெட் நீலக் கோடு, அவளுடையது சிவப்பு. தினமும் மாலையில் அன்றைய எண்ணைச் சேர்ப்பேன். இருபத்திரண்டாம் வாரத்தில் நீலம் எழுபத்தைந்தில் இருந்தது. சிவப்பு, அதே வாரத்தில், நாற்பத்தாறில்.

அட்டை அடுக்கும் பெண் அன்றும் டிவியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க்கா, உங்க கோடு இன்னும் படியேறக் காணமே. முட்டி வலியாட்டம் இருக்குது!"

"உனக்கு வாய் மட்டும் வலிக்கவே மாட்டீங்குது புள்ள" என்றாள் மனைவி. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்று வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், தீவனத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள், கூண்டு கூண்டாக நின்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "எனக்கு ஆவுலீங்க. வேற ஆளைப் போட்டுருங்க" என்றாள். நானும் ஓமலூர்ப் பக்கத்துத் தம்பதி ஒன்றிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை காலை அவர்கள் வந்து ஷெட்டை ஏற்பதாக இருந்தது.

அட்டை அடுக்கும் பெண் போன பிறகு நான் எண்ணைச் சேர்த்தேன். மனைவி தீவன மூட்டை மேல் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என்னாலதானுங்க" என்றாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள கொண்டாந்தே ஆகோணும்னு நாந்தானே ஒத்தக்கால்ல நின்னேன். நீங்க சொன்ன தேதிக்கே விட்டிருந்தா இன்னும் ரெண்டு வாரம் அவிய ஊட்டுலயே வளந்திருக்கும்."

என் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

நாங்கள் ஆர்டர் கொடுத்தது பதினாறு வாரக் கோழிகளுக்கு. அது நிறையும் நாள் ஆடியில் விழுந்ததால் இரண்டு வாரம் முன்னதாகவே ஏற்றி வந்தோம். கோழிகள் வந்த தேதி, நேரம், வண்டி எண், வழியில் செத்தவை ஐந்து என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதியிருந்தேன். வயதை மட்டும் ஆர்டரில் இருந்தபடியே பதினாறு என்று எழுதியிருக்கிறேன். கோப்பைத் திறந்து, கோழி விற்ற பண்ணைக்காரர் கொடுத்த சீட்டில் குஞ்சு பொரித்த தேதியைப் பார்த்தேன். வாரங்களை இரண்டு முறை எண்ணினேன். பதினான்கு.

"இங்க வா சாமி" என்றேன்.

"என்னங்க?"

"தப்பு என்னுது."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். சிவப்புக் கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் வயதில் இரண்டு வாரம் குறைத்தேன். கோடு முழுவதும் இடப்பக்கம் நகர்ந்தது. அதன் பிறகு திரையில் நீலக் கோடு மட்டுமே தெரிந்தது.

"ஐயோ, எங்கோடு எங்கீங்க? அழிச்சுப்போட்டீங்களா?"

"அழிக்கலை. நீலத்துக்கு அடியில இருக்குது. ரெண்டும் ஒண்ணா ஏறியிருக்குது பாரு. போன வருசம் இதே வயசுல என் கோழியும் இத்தனைதான் போட்டுச்சு."

அவள் நம்பவில்லை. நீலத்தை மறைத்துக் காட்டினேன். சிவப்பு அப்படியே இருந்தது. சிவப்பை மறைத்துக் காட்டினேன், நீலம். மூன்றாம் முறையும் காட்டச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எதுக்கு எம்மேல உங்க கோடு?"

வரிசையை மாற்றி அவள் கோட்டை மேலே கொண்டுவந்தேன். நீலத்தைச் சற்றுத் தடிமனாக்கியதும், சிவப்பின் இருபுறமும் அது ஒரு கரைபோலத் தெரிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ மாலைகளில் அந்தக் கோட்டைப் போட்டு அவள் எதிரே காட்டியவன் நான்தான்.  "மூணு வாரமா உன்னை..." என்று ஆரம்பித்தேன்.

"உடுங்க" என்றாள். "நானும்தான் எண்ணிப் பார்க்கலை."

ஓமலூர்க்காரர்களுக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். அவள் இரண்டாம் ஷெட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஐந்து இருபதுக்கு நான் கண் விழித்தபோது, என் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலருகே நின்றாள். "அவிய பஸ் ஏறறதுக்குள்ள சொல்லிப்போடுங்க." முகம்கூடக் கழுவாமல் ஓமலூர்க்காரரை அழைத்தேன்.

"வர வேண்டாமுங்க. சிரமம் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கோணும்."

"பரவாயில்லீங்க. வேற ஆள் கிடைச்சுட்டாங்களா?"

"இல்லீங்க. ஊட்டுல அவங்களே பாத்துக்கறாங்க" என்றேன். அதற்குள் இரண்டாம் ஷெட்டில் விளக்கு எரிந்தது.