கண்ணாடி ஆபீசர்

"கையைக் கட்டாதே. நீ என்ன ஸ்கூல்லயா நிக்கிறே? மூச்சை விடு. இப்ப சொல்லு, படிப்பு முடிஞ்சதும் என்ன பண்ணுவே?"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உறுமுகிறார். மூடிப்போன வங்கி ஒன்றின் கவுண்டர் கண்ணாடி அது. தாள் நுழைக்கும் இடுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. டயர் கடைக்கு மேலே இருக்கும் தன் வீட்டின் முன்னறையில் அதை நிறுத்தி, பின்னால் உயரமான முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் அவர்தான் விசா அதிகாரி. வெளிநாட்டுப் படிப்புக்கு விசா நேர்காணல் பழக அவரிடம் வரும் பிள்ளைகள் வைத்த பெயர் கண்ணாடி ஆபீசர். பெயர்தான் ஆபீசர், விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

வேடம் தெருவிலும் கலையாது. காய்கறிக்காரி தக்காளியை நீட்டினால், "ஏன் இந்தத் தக்காளி? வேற எங்கேயும் கிடைக்கலையா?" என்பார். "இன்டர்வியூ முடிஞ்சுதுன்னா பையை நீட்டுங்க சார்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பாடம் தமிழில்தான் தொடங்கும். "முதல்ல தமிழ்ல பொய் சொல்லு. அது குளறாம வந்துடுச்சுன்னா இங்கிலீஷ்ல தானா வரும்." எந்தக் கல்லூரி, ஏன் அந்தப் படிப்பு என்பதெல்லாம் சும்மா. அவர் பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்குவது ஒரே கேள்வியில்: திரும்பி வருவாயா? அதற்கு அவர் தைத்துக் கொடுக்கும் பதிலில் அப்பாவோ அம்மாவோ வீட்டில் முடியாமல் இருப்பார். அந்த இடம் வரும்போது பார்வையைத் தாழ்த்தி, அரை மூச்சு நிறுத்த வேண்டும். "அழுதா சந்தேகப்படுவான். நிறுத்தினா நம்புவான்." சரியாக வந்துவிட்டால் மேஜையில் முஷ்டியால் முத்திரை குத்துவார்: "நம்பிட்டேன், போ!"

போனவர்கள் போனவர்கள்தான். ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் எதிரே வந்தால் மனிதர் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வார்.

போன வாரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது அவருடைய ஒரே மகள். மறுநாள் அவளுக்கு நேர்காணல்.

உள்ளறைத் திரைக்கு அப்பால் அவர் மனைவி படுத்திருந்தாள். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். மகளைப் போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்ததும் அவள்தான். "என்னோட சேர்ந்து நீயும் இந்தக் கட்டில்ல மக்கிப் போகாதே." ஆபீசரும் தலையாட்டினார்.

மகள் பாஸ்போர்ட்டை இடுக்கில் நுழைத்தாள். கேள்விகளால் குடைந்தார், அவள் அசரவில்லை.

"படிச்சு முடிச்சதும்?"

"திரும்பி வந்துடுவேன் சார். வீட்டுல..." பார்வை தாழ்ந்தது. அரை மூச்சு. "அம்மாவால எழுந்திருக்க முடியாது. அப்பா ஒருத்தரால தூக்கவும் முடியாது. நான் வந்துதான் ஆகணும்."

அப்பழுக்கில்லை. அத்தனையும் உண்மை வேறு. ஆனால் அந்த நிறுத்தம்? சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தினாளா, தொண்டை அடைத்து நின்றாளா? ஊரார் பிள்ளைகளின் பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்குப் பெற்ற மகளின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஐயோ பாவம், கண்ணாடியை ஒட்டிக் குனிந்தார்.

"நெஜமாத்தான் சொல்றியாம்மா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். "என்னப்பா, இந்தக் கேள்வியெல்லாம் அங்க கேக்க மாட்டாங்களே."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏங்க, சரியா சொன்னாளா?"

"சரியா சொன்னா."

முஷ்டி மேஜையில் இறங்கவில்லை. பாஸ்போர்ட்டை இடுக்கு வழியே மெல்லத் தள்ளினார். அந்தப் பக்கம் மகள் அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். இந்தப் பக்கம் அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை.