டிபன் பாக்ஸில் ஒரு சிவப்பு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று காசிமேட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளை வரிசையாக அடுக்கி, ஜெல்லுக்குள் பிடித்துவைப்பேன். ஒரு துளி சாயம் கிடையாது. உருண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் நிறம். மின்சாரம் கொடுத்து இடைவெளியைச் சுருக்கினால் சிவப்பு பச்சையாகும், பிறகு நீலமாகும். ஒளிக்கருவிகளில் வேண்டிய நிறத்தை மட்டும் பிரித்தெடுக்க இது உதவும்.

"அப்ப பஞ்சு மிட்டாய்க்கு ஆவாதா?" என்றாள் மீன் விற்கும் என் அம்மா.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைதான் என் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கொடுத்தது. அம்மா இப்படிக் கேட்டதற்கு மறுநாள் காலை அங்கே செய்துகாட்ட வேண்டும். சொதப்பினால் உதவித்தொகை நின்றுவிடும். நின்றால் கல்யாணம் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தயாராகவே இருந்தார். ஆய்வகம் ஊரின் மறுகோடியில் என்பதால், ஜெல் படலத்தைச் சுத்த நீரில் மூழ்கவைத்து டிபன் பாக்ஸில் வீட்டுக்கே எடுத்துவந்தேன். மெத்தப் படித்த புத்தி.

காலையில் திறந்தால் நீலம்.

"இன்னாம்மா பண்ணே?"

"செக்கச்செவேல்னு ஜொலிச்சிகினு இருந்திச்சி. கண்ணு பட்டுடப் போவுதேன்னு கல்லுப்பு சுத்திப் போட்டேன்."

"எதுல போட்டே?"

"தண்ணிலதான கரைக்கணும்? அதுலயே தண்ணி கீதே!"

உப்பு ஜெல்லைச் சுருக்கிவிட்டிருந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

தொழிற்சாலையில், சிவப்பு என்றல்லவா சொல்லியிருந்தீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்டார். வேறு வழியில்லாமல் சுத்த நீரை ஊற்றி ஊற்றி அலசினேன். அவர்கள் கண்ணெதிரே நீலம் பச்சையாகி, பச்சை சிவப்பானது. மின்சாரமே வேண்டாமா என்று வியந்தார் அவர். குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறினால் இதுவே காட்டிக்கொடுக்குமே என்றார் இன்னொருவர். எல்லாம் திட்டமிட்டுச் செய்ததுபோல நான் தலையாட்டினேன். உதவித்தொகை இரண்டு வருடம் நீண்டது.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, சுத்திப் போட்டது வீண் போவல." பிறகு மெல்ல உட்கார்ந்தாள். "ரெண்டு வருசமா? அப்ப கல்யாணம்?"

நான் சிரித்துவிட்டேன்.

"ஐயோ, என் கையாலயே கெடுத்துக்கினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிவப்பு பாழாய்ப் போயிருந்தால் அவள் நினைத்தது நடந்திருக்கும். ஆனாலும் அந்தச் சிவப்புக்குத்தான் கண் பட்டுவிடக் கூடாது என்று உப்பு சுற்றியிருக்கிறாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே போன் போட்டாள்.

"என் பொண்ணுக்கு வேல கீதுங்க. நீங்க வேற எடம் பாருங்க."