மீன்கார அம்மாள் போட்ட தாத்தா வேடம்

மேலகரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அந்த அம்மாளுக்கு ஒற்றைநாடி உடம்பு. இடுப்பில் கை வைக்காமல் பேசவே மாட்டாள். கிறிஸ்துமஸ் பவனியன்று, வழக்கமாகத் தாத்தா வேடம் போடுபவருக்குக் காய்ச்சல். "நான் போடுதேன்" என்று சர்ச்சுக்கு வந்து நின்றாள்.

சர்ச் செயலாளர் என்ற மிதப்பில் நான் மறுத்தேன். "பொம்பள தாத்தா வேசம் போட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. தாத்தா வாறதே சிரிக்க வைக்கத்தான?"

மீன்கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைத் தொப்பையாகச் சுற்றிக்கொண்டு, முகமூடியை மாட்டினாள். தூறலில் தெருத்தெருவாக ஆடினாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. என் வீட்டு வாசலில் மட்டும் முகமூடியைத் தூக்கி, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருசமும் நாந்தான்."

முகமூடியை அவள் திருப்பித் தரவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.