குறையாத புட்டி

வீட்டில் எந்தப் புட்டியைத் திறந்தாலும் அதன் மேல் தேதி எழுதிவிடுவேன். மனைவியின் முக அரிப்புக்குத் திருச்செங்கோட்டுத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஃபேஸ்வாஷிலும் எழுதினேன். உள்ளே தெரியும் புட்டி என்பதால், ஞாயிறுதோறும் திரவத்தின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. தேங்காயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் செய்த மென்மையான நுரைப்பொருள் அது. நுரை குறைவாகத்தான் வரும், தோலின் எண்ணெயை வழித்தெடுக்காது என்றார் மருத்துவர்.

முதல் வாரம் மட்டம் இறங்கியது, முகம் தெளிந்தது. இரண்டாம் வாரம் செவ்வாயன்று மட்டம் ஞாயிற்றுக் கோட்டிலேயே நின்றது. புதனும் வியாழனும் அப்படியே. அவளோ தினம் இருவேளை கழுவுகிறாள்.

வெள்ளி காலை, அவள் கழுவிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகியும் குளியலறைத் தரையில் நுரை உடையாமல் நின்றது. காற்றே இல்லை. ஆனாலும் அது மெல்ல எழுந்து தணிந்தது, மூச்சு விடுவதுபோல.

"ஏனுங்க, இது என்ற மூஞ்சியாட்டவே இல்லீங்க" என்றாள் பின்னாலிருந்து. தோல் இழுபட்டுப் பளபளத்தது. பேசும்போது உதடு மட்டும் அசைந்தது, கன்னம் அசையவில்லை.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலையிலிருந்து விடுப்பில் வந்து எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பியிடம் புட்டியைக் காட்டினேன்.

"நாந்தானுங்க மாமா ஊத்துனேன். அக்கா பாவம், நுரையே வராத தண்ணியத் தேச்சுட்டு இருந்துச்சு. எங்க வண்டி நுரைச் சோப்புங்க, பாறைத்தூளையே மேல தள்ளீரும்."

"அது மூஞ்சிக்கு ஆகுமாடா?"

"நீங்கதானுங்க கோடு போட்டு வெச்சிருந்தீங்க. வண்டி டேங்குல கோடு இருந்தா அதுவரைக்கும் ஊத்தி வெக்கோணும்."

புட்டியைக் கொட்டினோம். முகம் ஆறும்வரை வெறும் தண்ணீர்தான் என்றார் மருத்துவர். ஆறியபின் அதே மருந்தில் புதுப் புட்டி. தேதி எழுதினேன், கோடு போடவில்லை. மச்சினனும் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

நான்காம் நாள் பார்த்தால், புட்டி கழுத்துவரை நிறைந்தே இருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"நாந் தொடவே இல்லீங்க" என்றாள் கதவோரம். "பயமா இருக்குது."

அவள் பார்க்க, என் முகத்தில் தேய்த்துக் கண்ணை மூடினேன்.

"நுரையே காணமுங்க."

"அதான் வேணும். வா."

இருட்டுக்குள் அவள் கை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் மட்டம் ஒரு நூல் இறங்கியிருந்தது.