பன்னிரண்டாம் எண் பேருந்து

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாமா விடுப்பு எடுப்பார். தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரைப்போல் காலை எட்டு மணிக்குக் கிளம்புவார். பதினொன்றரைக்கெல்லாம் கையில் ஒரு மர்ம நாவலோடு திரும்பிவிடுவார். பத்தொன்பது வருடமாக இதில் மாற்றமில்லை. ஒரு நாவல் வாங்குவதற்குச் சட்டையைத் தேய்ப்பானேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அந்தக் குடும்பத்துக்குத் தனித் திறமை உண்டு.

அதற்கு முன்பு நான்கு வருடம் அவர் வெளிநாட்டில் இருந்ததாக அக்காள் மகளுக்குச் சொல்லியிருந்தார்கள். எந்த நாடு என்று அவளும் கேட்கவில்லை. ஒரு சென்ட் பாட்டில்கூட இல்லாமல், போர்வையை நாலு மூலையும் பிசகாமல் மடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒருவர் கொண்டுவந்தால், கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள்தான் குடும்பத்தின் முதல் பட்டதாரி.

மாமா ஓர் எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். நாலாவது மாடியில் அவர் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் நிற்கும். முக்காலியில் உட்கார்ந்து நாவல் படிப்பார். காதில் செருகிய பென்சிலை எடுத்து ஓரங்களில் எழுதுவார். "கொலை செய்தது டாக்டர். நாற்பதாம் பக்கத்திலேயே தெரிகிறது. மீதியை ஆசிரியர் காகிதத்துக்காக எழுதியிருக்கிறார்." இந்தக் குறிப்புகளுக்காகவே கட்டடத்தில் வரிசை நின்றது. முதல் ஆள் ஐந்தாவது மாடியில் தற்காலிக எழுத்தராக இருந்த அக்காள் மகள். அடுத்தது அவளுக்கு மேலதிகாரியான கணக்குப் பிரிவு அம்மா.

இந்த முறை வந்த நாவலில், சிறையிலிருந்து வெளியே வந்து நல்லவனாக வாழும் ஒருவனைப் பழைய கூட்டாளிகள் துப்பாக்கியோடு தேடி வருகிறார்கள். அவள் வெள்ளிக்கிழமை வாங்கிப் போய்ப் படிக்க உட்கார்ந்தாள். நாயகன் புதுக் கோட்டு சூட்டில் விடுதலையாகும் இடத்தில் மாமாவின் எழுத்து: "உள்ளே போனபோது போட்டிருந்த சட்டையைத்தான் தருவார்கள். நாலு வருடத்தில் அது வேறு யாருடையதோ ஆகியிருக்கும்." பழிவாங்கத் திட்டம் போடும் இடத்தில்: "முதல் வாரம் ரோட்டைக் கடக்கவே பயம். பழிவாங்க எங்கே நேரம்?"

அவளுக்கு வெளிநாடு எதுவென்று புரிந்தது. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் முதல் வகுப்பில் தேறியவள்.

கிடங்குக் கொள்ளையில் காவலாளியைப் படியிலிருந்து தள்ளிவிடும் பக்கத்தில்: "இவன் இரண்டே பக்கத்தில் விழுகிறான். அப்புறம் ஆசிரியர் இவனைத் தேடவில்லை. நானும்தான்." கூட்டாளிகள் கதவைத் தட்டும் பக்கத்தில்: "யாரும் தேடி வருவதில்லை. நாம்தான் போக வேண்டும். நான் தள்ளிவிட்டவருக்கு இன்றும் ஊன்றுகோல்தான். வீடு தெரியும். இரண்டு பேருந்து. மாறுகிற இடத்தில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. இரண்டாவதில் நான் ஏறியதே இல்லை."

திங்கட்கிழமை புத்தகம் கணக்குப் பிரிவுக்குப் போயாக வேண்டும். போனால் மாமாவின் வேலை என்னாகும்? ஞாயிறு முழுக்க ரப்பரோடு உட்கார்ந்து முப்பத்தொரு குறிப்புகளை அழித்தாள். கொலைகாரனைக் கேலி செய்தவற்றை மட்டும் விட்டுவைத்தாள். மாமாவுக்காகத்தான் அழிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் தன் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்ததும், அந்த வேலையே மாமாவின் சிபாரிசில் கிடைத்தது என்பதும் இருபதாவது குறிப்பை அழிக்கும்போதுதான் ஞாபகம் வந்தன. அதற்காகக் கை நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். கணக்குப் பிரிவு அம்மா புத்தகத்தை விரித்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். மாமா பென்சிலை அழுத்தி எழுதுகிறவர். தேய்த்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாக நின்றது.

"யாரும்மா அழிச்சது? எதைப் படிக்கணும்னு தேட வேண்டிய வேலையே இல்லாம போச்சு எனக்கு."

அவள் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டாவது பஸ் எத்தனாம் நம்பர்?"

"பன்னெண்டும்மா."

"அது பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கே."

"ஆமாம்மா. இருக்கு."

அவர் ஐந்தில் இறங்கிப் போனார். அன்றும் மறுநாளும் யாரும் மாமாவைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டால் நாலாவது மாடியில் லிஃப்டைத் தட்ட ஆள் கிடையாது. நிர்வாகத்தின் பெருந்தன்மைக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

அந்த அம்மா இறங்கிப் போனபோது அக்காள் மகள் கூடவே இறங்காமல் லிஃப்டிலேயே நின்றிருந்தாள். "ஊருக்கே சுத்துற புத்தகத்துல போய் ஏன் மாமா எழுதினீங்க?"

"முதல்ல நீதானே படிப்பே, பட்டதாரி. உங்கம்மா சொல்லவே மாட்டா. எனக்கு நேர்ல சொல்ல வாய் வரல." கம்பிக் கதவைச் சாத்தினார். "நீ படிச்சிட்டு ஏதாவது கேப்பேன்னு பாத்தேன். ரப்பர் வாங்கப் போவேன்னு நினைக்கல."

லிஃப்ட் ஏழாவது மாடிவரை போய்த் திரும்பியது. அடுத்த தடவை தானும் கூட வருவதாக அவள் சொன்னாள்.

"வேண்டாம்மா. ரெண்டு பேரா போய் நின்னா மனு குடுக்க வந்த மாதிரி இருக்கும். மன்னிப்பு நான் கேக்க வேண்டியது. நானே போறேன்."

அடுத்த வாரமே விடுப்பு எழுதிக் கொடுத்தார். சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினார். அவளும் அன்று அலுவலகத்துக்குப் போகாமல், தலைவலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தாள். பத்தரை ஆயிற்று. பதினொன்று. பதினொன்றே கால். போய்ச் சேர்ந்திருப்பார், உட்காரச் சொல்லியிருப்பார்கள் என்று அவள் நம்பத் தொடங்கியபோது கதவு திறந்தது. மணி பதினொன்றரை.

"இது ரொம்ப விறுவிறுப்பா இருக்கும்னு கடைக்காரர் சொன்னார்" என்று சொல்லி, புத்தகத்தை அவள் கையில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். அட்டையில் ஒருவன் கையில் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தான்.